கல்லிடைக்குறிச்சிக்கு ஸ்கூட்டியில் வந்த நர்ஸ் அக்காவுக்கு

2021 மே, முழு ஊரடங்கு. அம்மாவின் புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது. பாளையங்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் படுக்கை கிடைக்காத நேரம். அம்மாவும், "எங்கயும் கொண்டு போவாதிய, இங்கனயே கெடக்கேன்" என்று சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் நீங்கள் பாதுகாப்பு உடைக்குள் வேர்த்து விறுவிறுக்க வந்து நின்றீர்கள். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை என்றதும் பெரியப்பா பயந்தார், ஆளையே முடித்துவிடும் என்று. (சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அப்போது போனிலேயே டாக்டர்கள்.) டாக்டர் எழுதிய அளவில் கொடுத்தால் அப்படி ஆகாது, வலி வரட்டும் என்று காத்திருக்காமல் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கடிகாரம் பார்த்துக் கொடுங்கள், கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து என்று நிதானமாகச் சொன்னீர்கள். படுக்கைப்புண்ணைத் துடைப்பது, வறண்ட உதட்டை ஈரத்துணியால் நனைப்பது எல்லாம் நீங்கள் காட்டித் தந்ததுதான்.

வலி அடங்கியதும் அம்மா கேட்டது, "நீ சாப்ட்டியா தாயீ?"

"போய்ச் சாப்பிடுதேன் ஆச்சி."

பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. ரொம்ப நன்றி அக்கா. அம்மாவின் தண்ணீர் மெத்தை நன்றாகவே இருக்கிறது. நீங்கள் பார்க்கும் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.