காதைப் பார்க்க 15 செக்கன் போதும்: பரீட்சை ஆணையாளர் நாயகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு,

2024 மே மாதக் கடைசியில் க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்தபோது, திருகோணமலை ஸாஹிரா கல்லூரி மாணவிகள் 70 பேரின் பெறுபேறுகள் நிறுத்திவைக்கப்பட்டன. பரீட்சை மண்டபத்தில் பர்தாவால், அதாவது தலைத்துணியால், காதுகளை மூடியிருந்தார்கள் என்பது காரணம். பரீட்சை நடந்ததோ ஜனவரியில். மண்டபத்தில் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விடயம் ஐந்தாவது மாதத்தில் ஒரு பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பத்தின் மேல் வந்து விழுந்தது.

அந்தச் சம்பவத்தில் யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. மண்டபக் கடமையும் பர்தா உடுத்தும் விதமும் இரண்டுமே தெரிந்த ஆசிரியைகள் நாங்கள். விடை சொல்லும் கருவி ஏதும் இருக்கிறதா என்று காதைப் பரிசோதிப்பது ஒரு வேலை. மூன்று மணித்தியாலமும் காதைத் திறந்து வைத்திரு என்பது வேறொரு வேலை. இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பதுதான் எங்கள் முறைப்பாடு.

எதைத் தேடுகிறோம் என்பதிலிருந்து தொடங்குவோம். கடையில் வாங்கும் புளூடூத் கருவி காதுமடலில் உட்காரும். துணியை ஒதுக்கிய உடனே கண்ணில் படும். மோசடிக்கென்றே விற்கப்படும் நுண்கருவி வேறு சாமான். சில மில்லிமீற்றர் அளவுள்ள, பாசிமணி போன்ற ஒரு மணி, காதுத் துவாரத்துக்குள் இறங்கிவிடும். வெளியே எடுக்கவே ஒரு காந்தக் குச்சி தேவை. திறந்திருக்கும் காதிலும் பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரியாது. ஆனால் அந்த மணி தனியாகப் பேசாது. கழுத்தைச் சுற்றி ஒரு கம்பி வளையம் வேண்டும். வளையத்தின் காந்தப்புலம்தான் மணியை அதிரவைக்கிறது. வளையத்துக்குப் பின்னால் ஒரு கைபேசி வேண்டும், அதுவும் உடம்பிலோ மிக அருகிலோ. ஆகவே தேட வேண்டிய இடம் கழுத்தும் மார்பும் இடுப்பும். டை கட்டிய மாணவனும் பின்னலை முன்னால் விட்ட மாணவியும் அந்த வளையத்தைத் தாராளமாக மறைக்கலாம். தலைமுடி காதை மூடியிருப்பதைப் பற்றி எந்த மண்டபத்திலும் அறிக்கை எழுதியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

இந்தியாவில் நடந்தது இதற்கு நல்ல பாடம். 2015இல் அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வில் விடைகளை வெளியிலிருந்து கடத்தியவர்கள் சிம் அலகுகளைப் பனியனில் தைத்துக் கொடுத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வையே இரத்துச் செய்தது. மறுதேர்வுக்கு வந்த உடைக் கட்டுப்பாட்டில் அடிபட்டதோ தலைத்துணியும் முழுக்கைச் சட்டையும். கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போன இரண்டு மாணவிகளுக்குக் கிடைத்த தீர்வு எளிமையானது: அரை மணித்தியாலம் முன்னதாக வா, தேவையென்றால் பெண் கண்காணிப்பாளர் பரிசோதிக்கட்டும், பிறகு துணியோடு உட்கார்ந்து எழுது. சில நாளில் உச்ச நீதிமன்றம் பொதுவான சலுகை கேட்ட மனுவை ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் 2016இல் கேரள உயர் நீதிமன்றம் அதே வழியைத் திரும்பவும் சொன்னது. இன்று அங்கே நீட் எனும் மருத்துவ நுழைவுத் தேர்வின் அறிவுறுத்தல்களிலும் சமய, வழக்க உடையில் வருவோர் பரிசோதனைக்காக முன்கூட்டியே வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. சண்டை பிடித்துக் கடைசியில் எல்லாரும் வந்து சேர்ந்த இடம் ஒரு நேர ஒழுங்கு. நாம் சண்டையைத் தவிர்த்துவிட்டு நேராக அங்கே போகலாம்.

இனித் துணியைப் பற்றி. சுற்றறிக்கை எழுதுகிறவர்கள் அநேகமாக இதைக் கையால் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். பாடசாலை வெள்ளைப் பர்தா பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று தைத்தது, முகத்துக்கு இடம் விட்டுத் தலைவழியாகப் போடுவது, ஊக்குத் தேவையில்லை, அல்லது தாடைக்கடியில் ஒன்று. மற்றது சுற்றுவது, கன்னத்தோரம் ஒன்று, உச்சியில் ஒன்று, தோளில் ஒன்றிரண்டு என நான்கு ஊக்கு வரை பிடிக்கும். இரண்டுக்கும் உள்ளே, முடி வழுகி வெளியே வராமலிருக்க, சிலர் இறுக்கமான உள்தொப்பி போடுவார்கள்.

தைத்த பர்தாவைக் கழற்றச் சொல்லவே தேவையில்லை. மாணவி கன்னத்தோரம் இரண்டு விரல் விட்டுத் துணியைப் பின்னுக்கு இழுத்தால் காதுமடல் முழுதாக வெளியே வரும். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். பார்த்து முடிந்ததும் கையை விட்டால் துணி பழைய இடத்துக்கு வந்துவிடும். 15 செக்கன். இழுக்க வேண்டியது மாணவியின் கை. நோக்குநரின் கை துணியில் படவே வேண்டாம்.

சிக்கல் சுற்றிய துணியில்தான். கன்ன ஊக்கைக் கழற்றினால் மடிப்புக் கலைந்துவிடும், முழுதையும் திரும்பச் சுற்ற வேண்டும். கண்ணாடி இருந்தால் 2 நிமிடம்; இல்லாமல், பரீட்சைக்கு முந்திய நடுக்கத்தில், 5 நிமிடமும் போகும். அவசரத்தில் குத்திய ஊக்கு எழுதக் குனியும்போது நழுவும். பிறகு பிள்ளை இடக்கையால் துணியைத் தாடையோடு பிடித்துக்கொண்டு வலக்கையால் எழுதுவாள். விடைத்தாளைப் பிடிக்கக் கை இருக்காது. உள்தொப்பியும் காதை மூடி இறுக்கியிருந்தால் அதையும் அவிழ்க்க வேண்டி வரும். இதற்கெல்லாம் மருந்து ஒரே வரி அறிவித்தல்: பரீட்சை நாட்களில் தைத்த பர்தா அணிந்து வருவது நல்லது, உள்தொப்பி அணிவோர் அதைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக் கட்டி வரவும். அனுமதி அட்டையோடு இந்த வரி வந்தால் வீட்டிலேயே உம்மாமார் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள். முதல் நாள் காலை மண்டப வாசலில் வைத்துச் சொன்னால் எவராலும் எதுவும் செய்ய முடியாது.

நேரக் கணக்கும் பெரிதல்ல. ஒரு மாணவிக்குத் தாராளமாக அரை நிமிடம் என்றால் 40 பேருக்கு 20 நிமிடம். இரண்டு பெண் நோக்குநர்கள் நின்றால் 10 நிமிடம். 8.30க்கு வினாத்தாள் என்றால் 7.45க்குத் தொடங்கினால் போதும். ஒரு வகுப்பறை மூலையில் இரண்டு மேசையை நிறுத்தித் திரைச்சீலையோ படுக்கை விரிப்போ தொங்கவிட்டால் மறைப்பு. மலசலகூடம் போய் வந்தவரை மறுபடி அதே இடத்தில் பார்க்க வேண்டும். மோசடி நடக்கிறதென்றால் அதிகமாக நடப்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான் என்பது மண்டபத்தில் நின்ற யாருக்கும் தெரியும். இடையில் சந்தேகம் வந்தால் பெண் நோக்குநர் திரைக்குப் பின்னால் அழைத்துத் திரும்பவும் பார்க்கட்டும். அப்படிப் போன நிமிடங்களைக் குறித்து, முடிவில் அந்த மாணவிக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டும். உலோகம் கண்டறியும் கருவி இருக்கும் இடங்களில் ஊக்குக்கும் அது கத்தும் என்பதை நோக்குநருக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

நடைமுறையில் கெட்டுப்போவது எங்கே? மண்டபத்துக்கு மண்டபம் விதி மாறுகிறது. ஓரிடத்தில் காது தெரிய வேண்டும் என்பார்கள், அடுத்த இடத்தில் காது ஊடாகத் தெரியும் மெல்லிய துணி போதும் என்பார்கள், இன்னோரிடத்தில் எதுவும் கேட்கமாட்டார்கள். பெண் நோக்குநர் இல்லாத மண்டபத்தில் நடைபாதையில், ஆண்களுக்கு முன்னால், கழற்று என்று சொல்லிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் விட மோசமானது, அங்கே ஒன்றும் சொல்லாமல் எழுதவிட்டுப் பிறகு அறிக்கை அனுப்புவது. மேற்பார்வையாளருக்குச் சந்தேகம் இருந்தால் அப்போதே பார்க்க வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும், மாணவியிடம் கையொப்பம் வாங்க வேண்டும். காதில் ஒன்றும் இல்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டால் பெறுபேற்றை நிறுத்த ஒரு காரணமும் மிஞ்சாது. காதைப் பார்க்காமல் மூடியிருந்தது என்று மட்டும் எழுதிய அறிக்கை மோசடி நடந்ததையும் காட்டாது, நடக்காததையும் காட்டாது.

அடையாளம் பார்ப்பது தனி விடயம். பர்தாவில் முகம் முழுதாகத் தெரிகிறது. தேசிய அடையாள அட்டையோடு ஒப்பிடத் தடையில்லை. முகத்தையும் மூடி வருவோருக்கு ஐக்கிய இராச்சியத் தேர்வு வாரியங்கள் வைத்திருக்கும் வழி நல்லது: அதே பாலினத்தவர் தனியறைக்கு அழைத்துப் போய், மரியாதையாகக் கேட்டு, முகத்தைப் பார்த்து, திரும்ப மூடிக்கொண்டு போய் எழுத விடுகிறார்கள்.

சட்டத்தையும் ஒருதரம் தொட்டுவிடுகிறோம். இலங்கை அரசியலமைப்பின் 14(1)(உ) உறுப்புரை மதத்தை ஒழுகி வெளிப்படுத்தும் உரிமையைத் தருகிறது. தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்றவற்றுக்காக 15(7) அதை மட்டுப்படுத்த இடம் விடுகிறது, ஆனால் சட்டத்தால் விதிக்கப்பட்டிருக்க வேண்டும். வாசலில் ஒருவர் வாயால் சொல்வது அந்தக் கணக்கில் வராது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை எங்கள் ஆட்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. தலையை மூடாமல் பரீட்சைக்கு வரும் முஸ்லிம் பிள்ளையும் இருக்கிறாள். தனியார் பரீட்சார்த்தியாக வருபவள், ஒரு காலத்தில் உடுத்திருந்து பிறகு விட்டவள், ஒருபோதும் உடுத்தாதவள். அவளைப் பார்த்து, பர்தா எங்கே, யாருடைய மகள் என்று கேட்கும் நோக்குநரும் இருக்கிறார், பெரும்பாலும் எங்களில் ஒருவர்தான். வினாத்தாள் கையில் வாங்கும் நேரத்தில் அந்தக் கேள்வி செய்யும் சேதம், கழற்று என்ற சொல் செய்யும் சேதத்துக்குக் குறைந்ததல்ல. அணிவதா விடுவதா என்பது அந்தப் பிள்ளை தீர்மானிப்பது. 2022 ஒக்ரோபரில் கர்நாடக ஹிஜாப் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதியரசர்கள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். அதில் நீதியரசர் சுதான்ஷு தூலியா, இது கடைசியில் தெரிவு பற்றிய விடயம் என்று எழுதினார். அந்த வழக்கு சீருடை பற்றியது, எங்கள் வழக்கு பரிசோதனை பற்றியது. என்றாலும் அந்த வரி இரண்டு பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

மேற்பார்வையாளர் கைநூலில் மூன்று மொழியிலும் சேர்க்க, நாங்கள் எழுதி வைத்திருக்கும் வாசகம் இது:

"தலையை மூடும் ஆடை அணிந்த பரீட்சார்த்தியின் காதுகளும் கழுத்தும் மண்டபத்துக்குள் நுழைய முன்னரும் மலசலகூடம் சென்று திரும்பியதும் மறைவான இடத்தில் பெண் அலுவலரால் பார்க்கப்படும். துணியை ஒதுக்குவது பரீட்சார்த்தியே. பார்த்து முடிந்தபின் அவர் வழமைபோல் அணிந்து எழுதலாம். சந்தேகம் ஏற்பட்டால் உடனே மீண்டும் பார்த்து, முடிவை எழுதி, இருவரும் கையொப்பமிட வேண்டும். கருவி எதுவும் காணப்படாதவிடத்து ஆடையை மட்டும் காரணமாக வைத்து அறிக்கை அனுப்பலாகாது. ஆடை அணிவது, அணியாதிருப்பது பற்றி எந்த அலுவலரும் கருத்துக் கூறலாகாது."

பெண் நோக்குநர் கிடைக்காத மண்டபங்களுக்குப் பக்கத்துப் பாடசாலை ஆசிரியை ஒருவரைக் காலை 7.30 முதல் வினாத்தாள் முடியும் வரை அனுப்பும்படி வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதினால் போதும்.

வினாத்தாளோடு மண்டபத்துக்குப் போகும் பொதியில் நூலும் அரக்கும் பசையும் இருக்கின்றன. அதோடு ஒரு அட்டை ஊக்கும் உள்ளங்கையளவு கண்ணாடி ஒன்றும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பரீட்சைக் கடமையில் உள்ள ஆசிரியைகள் சிலர்