எந்தக் கோனனைப் படித்தீர்கள்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் இ. ஹோவர்ட் 1930களில் படைத்த முரட்டு வாள் வீரன் கோனனின் கதைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த வாசகர் கடிதங்களைப் படித்தேன். ஒருவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார். ஒருவர் அரைத்த மாவு என்கிறார். மூன்றாமவர், சிறுவயதில் அடிமையாகச் செக்குமாடு போலச் சக்கரம் சுற்றி வளர்ந்தவன் என்பதால்தான் கோனனுக்கு அத்தனை ஆத்திரம் என்று எழுதியிருக்கிறார். சக்கரம் சுற்றியது 1982இல் வந்த அர்னால்டு படத்தில். ஹோவர்ட் எழுதிய எந்தக் கதையிலும் அது கிடையாது. படத்தின் வில்லன் துல்சா டூம்கூட ஹோவர்டின் இன்னொரு நாயகனான குல் மன்னன் கதையிலிருந்து தூக்கி வந்தவன்தான்.

மூவர் மேலும் எனக்குக் கோபமில்லை. மூவரும் வேறு வேறு கோனனைப் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நானும் அப்படி ஏமாந்தவன் என்பதால் சொல்கிறேன்.

மூர் மார்க்கெட் எரிவதற்கு முந்தைய வருடம், 1984இல், அங்கே லான்சர் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் பழைய கோனன் தொகுப்பு ஒன்று வாங்கினேன். அட்டையில் ஃபிராங்க் ஃபிரசெட்டாவின் ஓவியம்: குவியல் மேல் வாளை ஊன்றி நிற்கும் முரடன், காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண். வீட்டில் யார் கண்ணிலும் படாமல் இருக்க நாளிதழ்த் தாளில் அட்டை போட்டு வைத்தேன். திறந்தால் முதல் கதையே அயோத்தியில் தொடங்குகிறது! வெந்தியா என்ற கற்பனை நாட்டின் அரசன் பூண்டா சந்த் சாகக் கிடக்கிறான். வெளியே கோயில் மணியும் சங்கும் முழங்குகின்றன. மலை மந்திரவாதிகள் அவன் உயிரைத் தூரத்திலிருந்தே இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆன்மா அவர்கள் கையில் சிக்குமுன் என்னைக் கொன்றுவிடு என்று தங்கையிடம் கெஞ்சுகிறான். அவள் அழுதுகொண்டே குத்துகிறாள். அவள் பெயர் யாஸ்மினா, பட்டம் 'தேவி'. பெயர் பாரசீகம், பட்டம் சமஸ்கிருதம். டெக்சாஸில் கிராஸ் பிளெய்ன்ஸ் என்ற சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு எழுதிய மனிதரிடம் இதற்கு மேல் கணக்குக் கேட்க முடியாது. ஆனால் அந்த முதல் பக்கம் இன்றைக்கும் என்னை விடவில்லை.

அதே புத்தகத்தில் டொம்பல்கு என்ற ஊரைப் பற்றிய கதை பாதிக்கு மேல் சவசவ என்று போனது. ஹோவர்டுக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது: அது அவர் முடிக்காமல் விட்ட கதை. மீதியை எழுதி முடித்தவர் எல். ஸ்ப்ரேக் டி காம்ப் என்ற இன்னொரு அமெரிக்க எழுத்தாளர். ஹோவர்ட் 1936 ஜூன் 11 அன்று, 30 வயதில், தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்துவிட்டார். அப்புறம் 1950களிலும் லான்சர் பதிப்புகள் வந்த 1960களிலும் டி காம்பும், பின்னால் லின் கார்ட்டரும், குறைக் கதைகளை நிரப்பினார்கள், புதுக் கதைகள் எழுதிச் செருகினார்கள். கோனனே இல்லாத ஹோவர்ட் கதைகளையும் டி காம்ப் ஊர் பேர் மாற்றிக் கோனன் கதை ஆக்கினார். 'த ஃபிளேம் நைஃப்' என்று ஒன்று. மூலத்தில் அது இருபதாம் நூற்றாண்டு ஆப்கானிஸ்தானில் நடப்பது, நாயகன் கார்டன் என்ற டெக்சாஸ்காரன். துப்பாக்கி இருந்த இடத்தில் வாளைச் சொருகிவிட்டார்கள்.

ஊர் பேர் மாற்றுவது பாவமா என்றால், அதை ஹோவர்டே செய்திருக்கிறார். 1932 டிசம்பரில் 'வியர்ட் டேல்ஸ்' என்ற அமெரிக்கக் கதை இதழில் வந்த முதல் கோனன் கதை, விலைபோகாத ஒரு குல் கதையின் மறுவார்ப்புதான். ஆனால் அவர் தன் பண்டத்தை உருக்கி வேறு நகை செய்தார். இவர்கள் அடுத்தவர் நகைக்கு முலாம் பூசினார்கள். டி காம்ப் இல்லாவிட்டால் கோனன் என்ற பெயரே எனக்குத் தெரிந்திருக்காது என்பதும் உண்மை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அரைத்த மாவு என்றவருக்கு ஒரு செய்தி. இந்தக் குறையைக் கோனன் கதைகள் வெளிவந்த அதே இதழின் வாசகர் பகுதியிலேயே 1934இல் ஒரு பதினேழு வயதுப் பையன் எழுதிவிட்டான். கோனன் சலித்துவிட்டது என்று கிண்டலாக ஒரு கடிதம். பையன் பெயர் ராபர்ட் பிளாக், பிற்காலத்தில் 'சைக்கோ' நாவல் எழுதியவர். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பாழடைந்த நகரம், ராட்சதப் பாம்பு, அரைகுறை ஆடையில் ஒரு பெண் என்று ஹோவர்ட் பணத்துக்காகத் தட்டிவிட்ட கதைகள் இருக்கின்றன. அந்த மாதிரிக் காட்சிதான் அந்த இதழின் ஓவியர் மார்கரெட் பிரண்டேஜ் வரையும் அட்டைக்கு வாகாக இருந்தது. கருப்பின மக்களை ஹோவர்ட் எழுதிய விதமோ முகம் சுளிக்க வைப்பது. அதற்கு டி காம்பைக் குறை சொல்லித் தப்பிக்கவும் முடியாது, எல்லாம் ஹோவர்டின் கைச்சரக்கு.

ஆனால் 1933 மார்ச்சில் வந்த 'த டவர் ஆஃப் தி எலிஃபன்ட்' கதையை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கோனன் அதில் மன்னனும் இல்லை, தளபதியும் இல்லை. மந்திரவாதி யாராவின் கோபுரத்தில் கல் திருட ஏறும் இளந்திருடன். கோபுரத்துக்குள் ஒரு அறை. உள்ளே பச்சை உடம்பு, யானைத் தலை. சிலை என்று நினைக்கிறான். அதன் தும்பிக்கை நீண்டு வந்து அவன் முகத்தையும் தோளையும் ஒரு பெண்ணின் கைபோல மெதுவாகத் தடவிப் பார்க்கிறது. கண் குருடு, கைகால் முறிக்கப்பட்டிருக்கின்றன. யாக் என்ற கோளிலிருந்து பறந்து வந்த யாக்-கோஷா அது. வித்தை கற்றுக்கொண்ட சீடனே குருவைச் சித்திரவதை செய்து அடைத்து வைத்திருக்கிறான். மனித குலத்தின் குற்றம் முழுவதும் தன் தலையில் விழுந்ததுபோலக் கோனன் கூசிப்போகிறான். வாள் வீரனின் கதையில் வாளுக்கு அங்கே ஒரே வேலைதான், அதுவும் யாக்-கோஷா கேட்டுக்கொண்டபடி அதன் துன்பத்தை முடிப்பது. பிள்ளையார் முகத்தைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனி வரும் கடிதங்களில் எந்தப் பதிப்பைப் படித்தார்கள் என்பதையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். 2003 முதல் டெல் ரே பதிப்பகம் வெளியிட்ட மூன்று தொகுதிகளில் ஹோவர்டின் மூலப்பாடம் மட்டும், அவர் எழுதிய வரிசையிலேயே இருக்கிறது. முதல் தொகுதி போதும். கோனன் முதல் கதையில் நடுத்தர வயது மன்னன், யானைக் கதையில் இளைஞன் என்று முன்னும் பின்னுமாகத்தான் வருவான். பக்கம் மாறிக் கட்டிவிட்டார்கள் என்று யாரும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம்.

தங்கள் வாசகன்,
திருநெல்வேலி.