தூக்கு நாளைக் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்: உள்துறை அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய உள்துறை அமைச்சகத்துக்கும் மாநிலச் சிறைத் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

2001 நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் மரண தண்டனை பெற்ற அப்சல் குருவின் கோப்பு உங்களிடமே இருக்கிறது. 2013 பிப்ரவரி 9 காலை டெல்லி திகார் சிறையில் தூக்கு. ஸ்பீட் போஸ்டில் அனுப்பிய தகவல் குடும்பத்தின் கைக்கு வந்தது 11-ஆம் தேதி. குற்றம் பற்றி இங்கே பேச்சில்லை. கடைசியாக ஒருமுறை முகம் பார்ப்பது தபால் பையோடு போய்விட்டதே, அதுதான் பேச்சு.

மறு ஆண்டே சத்ருகன் சௌகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி சொல்லிவிட்டது. கருணை மனு நிராகரிப்பைக் குடும்பத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், கைதிக்குத் தகவல் கிடைத்தபின் தூக்குக்குக் குறைந்தது 14 நாள் இடைவெளி வேண்டும், கடைசிச் சந்திப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். வழக்கறிஞரைப் பிடிப்பது, உயில் எழுதுவது, ஊரிலிருந்து ஆள் வந்து சிறையில் கைதியைச் சந்திப்பது எல்லாம் அந்த 14 நாளுக்குள்தான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 472 என்ன சொல்கிறது? குடியரசுத் தலைவரின் முடிவை 48 மணி நேரத்துக்குள் மாநில உள்துறைக்கும் சிறைக் கண்காணிப்பாளருக்கும் தெரிவிக்க வேண்டுமாம். அந்த வரியில் குடும்பம் இல்லை. கருணை மனு போட உறவினருக்கு உரிமை உண்டு. அது என்ன ஆனது என்று அவருக்குச் சொல்ல மட்டும் மறந்துவிட்டீர்கள்.

கயிற்றை மறக்கவில்லை. கைதியின் எடையைப்போல் ஒன்றரை மடங்கு மணல் மூட்டையைத் தொங்கவிட்டுச் சோதிக்கச் சிறை விதியே இருக்கிறது. அந்த மூட்டையைத் தைக்கிற நேரத்தில் ஒரு போன் போடலாம்.

தபால் தவறுவதற்குக் காரணமும் உங்களுக்குத் தெரியாததல்ல. பதிவேட்டில் கிடப்பது கைதான காலத்து முகவரி. மேல்முறையீடு, சீராய்வு, கருணை மனு என்று ஆண்டுகள் ஓடுவதற்குள் வீடும் மாறும், எண்ணும் மாறும். ஆகவே மேல்முறையீடு தள்ளுபடியான அன்றே கைதியிடம் கேட்டு முகவரியையும் இரண்டு போன் எண்களையும் புதுப்பியுங்கள். உள்ளூர்க் காவல் நிலையம் மூலம் கடிதத்தை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். 14 நாளை அந்தக் கையெழுத்திலிருந்து எண்ணுங்கள். வாரத்தில் இன்ன கிழமைதான் கைதியைச் சந்திக்கலாம் என்ற கெடுபிடியை அந்த நாட்களுக்குத் தளர்த்துங்கள்.

1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் மரண தண்டனை பெற்ற யாகூப் மேமனின் இரண்டாவது கருணை மனு 2015 ஜூலை 29 இரவு நிராகரிக்கப்பட்டது. அதிகாலை மூன்று மணிக்கு மேல் உச்ச நீதிமன்ற விசாரணை, காலை 7 மணி அளவில் தூக்கு. நம் நாட்டில் வேறெந்தக் கோப்பு இப்படி ஒரே இரவில் நகர்ந்திருக்கிறது? முதியோர் பென்ஷன் கோப்பா?

சரி, கேட்க வந்தது இதுதான்: பிரிவு 472-இல் குடும்பத்தைச் சேருங்கள். அதுவரை ஒரு சுற்றறிக்கை போதும். குடும்பத்தின் கையெழுத்திட்ட ஒப்புகை சிறைக்கு வந்து சேராமல் தூக்கு நாளைக் குறிக்கும் மரண ஆணை கேட்டு நீதிமன்றம் போகக் கூடாது. அன்புகூர்ந்து ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்.