மெடலைத் தேய்க்காதீர்கள்: பட்டாளத்துக்காரர் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

உலகப் போர்களுக்குச் சிப்பாயாகவோ சமையற்காரராகவோ சுமைகாரராகவோ போனவர்களின் பேரன் பேத்திகளே,

வணக்கம். டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் மெடல் கறுத்துக் கிடந்தால் கை சும்மா இருக்காது. வெள்ளிக்கு விபூதி, பித்தளைக்குப் புளி. தயவுசெய்து வேண்டாம். கறுப்பு அதை ஒன்றும் செய்யாது, தேய்ப்பதுதான் கெடுக்கும். தாத்தா யார், எந்தப் படையில் இருந்தார் என்று தேட உங்களுக்கு வேண்டியது மெடலின் முகத்தில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. 36 மில்லிமீட்டர் வட்டத்தின் ஓரத்தில் பொடி ஆங்கில எழுத்தில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று பொறித்திருப்பார்கள். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தேய்த்தால் கரைவது அந்த எழுத்துதான்.

அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, மெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஆறேழு படம் எடுங்கள். செல்போன் ஃபிளாஷ் கூடாது. நேர் வெளிச்சத்தில் பள்ளம் தெரியாது. நட்சத்திர வடிவ மெடலாக இருந்தால் பின்பக்கம் பாருங்கள். இரண்டாம் போர் மெடல்களில் பெயர் இருக்காது என்று யாராவது சொன்னால், அது பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பொருந்தும். இந்தியப் படையினருக்குப் பெயர் பொறித்தே கொடுத்தார்கள்.

உலோகமும் பேசும். 1914-18 போரின் பிரிட்டிஷ் வார் மெடல் சிப்பாய்க்கு வெள்ளி. சுமைகாரர், தண்ணீர் சுமந்தவர், சமையற்காரர் போன்றோருக்கு வெண்கலம். வீட்டில் ‘சுபேதார் தாத்தா’ என்றே சொல்லி வந்திருப்பார்கள், பெட்டியில் வெண்கலம் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெள்ளி பல வீடுகளில் எப்போதோ உருக்கப்பட்டுவிட்டது, வெண்கலம்தான் தப்பியது.

படைப்பிரிவின் பெயரில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதல் போர்க்கால மெடலில் ‘2 கியூ.வி.ஓ.’ (குயின் விக்டோரியாஸ் ஓன்) என்று தொடங்கி சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்பதன் சுருக்கம் வந்தால், அதுதான் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை. ‘மதராஸ்’ என்ற சொல்லே அதில் இருக்காது. அந்தப் பெயர் 1923இல்தான் திரும்ப ஒட்டிக்கொண்டது.

இனி கதைகள். ‘தாத்தா பர்மாவில் சண்டை போட்டார்’ என்பதற்கு பர்மா ஸ்டார் என்ற நட்சத்திர மெடல் சாட்சியாகாது. வங்காளம், அஸ்ஸாம் பக்கம் பணியில் இருந்தவர்களுக்கும் அதைக் கொடுத்தார்கள். சாலை போட்டுக்கொண்டு எல்லைக்கு இப்பாலேயே இருந்திருக்கலாம். ஆப்பிரிக்கா ஸ்டார் என்றவுடன் எகிப்துப் பாலைவனம் என்று முடிவு கட்டாதீர்கள், எரித்திரியாவுக்கும் அதே மெடல்தான். நட்சத்திரம் எதுவுமில்லாமல் 1939-45 வார் மெடல் மட்டும் இருந்தால், பெரும்பாலும் இந்தியாவை விட்டே போகவில்லை.

அதற்காகக் கதையைத் தூக்கிப் போடவும் வேண்டாம். கேட்டபடியே, சொன்னவர் யார், அவருக்கு யார் சொன்னது என்ற குறிப்போடு எழுதுங்கள். திருத்தம் தனித்தாளில் இருக்கட்டும். வருஷம் கேட்டால் பாட்டிமாருக்கு நினைவு வராது. ‘அப்போது எந்தப் பிள்ளை கைக்குழந்தை?’ என்று கேளுங்கள். பிள்ளைகள் பிறந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால், 1941க்கும் 1946க்கும் நடுவே ஓர் இடைவெளி விழும். லீவு கிடைக்காத காலம் அது. மணியார்டர் எந்த ஊர் தபாலாபீசில் வந்தது, பட்டாளத்து நிலம் என்று ஏதாவது ஒப்படை கிடைத்ததா என்பதையும் விடாதீர்கள். நிலம் இருந்தால் தாலுகா அலுவலகத்தில் ஒரு தாள் இருக்க வழியுண்டு.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் இலவசம். ஆனால் அது இறந்தவர்களுக்கு மட்டும்: 4-8-1914 முதல் 31-8-1921 வரை, 3-9-1939 முதல் 31-12-1947 வரை. உயிரோடு திரும்பி, பென்ஷன் வாங்கி, வீட்டில் இறந்த தாத்தாவை அங்கே தேடி ஏமாறாதீர்கள். பெயரைவிட எண்ணைப் போட்டுத் தேடுங்கள். ஒரே முனுசாமியை அந்தக்கால குமாஸ்தாக்கள் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. கிடைத்தால் தகப்பனார் பெயர், ஊர் பொருந்துகிறதா பாருங்கள்.

படைப்பிரிவின் அன்றாடக் குறிப்பேடு லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். கேட்க வேண்டிய ஆவண வரிசை எண்: முதல் போருக்கு டபிள்யூ.ஓ. (WO) 95, இரண்டாம் போரில் பர்மா முனைக்கு டபிள்யூ.ஓ. 172, மத்தியக் கிழக்குக்கு டபிள்யூ.ஓ. 169. வெள்ளைக்கார அதிகாரிக்குக் காய்ச்சல் வந்தால்கூடப் பெயரோடு எழுதுவார்கள். சிப்பாய்கள் பெரும்பாலும் எண்ணிக்கைதான். ஆனாலும் இன்ன தேதியில் இன்ன ஊர் என்பது தெரிந்துவிடும், கதையை அதோடு ஒத்துப் பார்க்கலாம்.

மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் குன்னூர் அருகே வெலிங்டனில், சாப்பர்ஸ் மையம் பெங்களூரில். அங்குள்ள ஆவணப் பிரிவுக்கு எழுதும்போது எண், பதவி, பெயர், தகப்பனார் பெயர், அந்தக்கால ஊர்-தாலுகா-ஜில்லா, சேர்ந்த வருஷம், உங்கள் உறவுமுறை எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கட்டும். வட ஆற்காடு என்றே எழுதுங்கள். திருவண்ணாமலை மாவட்டம் என்று எழுதினால் பழைய பதிவில் பொருந்தாது. படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தின் காலிப் பக்கங்களையும் சேர்த்துப் படம் எடுத்து நகலை அனுப்புங்கள். மூலத்தைத் தபாலில் சேர்க்காதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய மெடல்களையும் பட்டாளத் தாள்களையும் படித்துப் பழகிய சிலர்