மொஸ்போர்ட்டிலிருந்து அப்பாவுக்கு

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். கார் ஓட்டத்துக்குப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா பயந்து போனை வைத்துவிட்டா. அது பந்தயம் இல்லை அப்பா. காசு கட்டி, ஹெல்மெட் போட்டு, சொந்தக் காரை ட்ராக்கில் ஓட்டிப் பழகும் நாள். அவவுக்கு விளங்கப்படுத்துங்கள்.

இடம் ஒரு கார் ஓட்டத் திடல். அதன் பழைய பெயர் மொஸ்போர்ட், இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். ரொறன்ரோவுக்குக் கிழக்கே இருக்கிறது. கனடாவின் முதல் போர்முலா 1 ஓட்டம் 1967 இல் இங்கேதான் நடந்தது. சுற்று 4 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, 10 வளைவு. எங்கள் ஊர்போல மட்டமான நிலம் இல்லை. இரண்டாம் வளைவு பள்ளத்துக்குள் இறங்கும். கீழே என்ன இருக்கிறதென்று தெரிய முன்னமே காரைத் திருப்பிவிட வேண்டும்.

என்னுடைய கார் 2015 ஃபோர்ட் மஸ்டாங் ஜி.டி. 5 லீற்றர் வி8, 435 குதிரைவலு. எடை ஏறத்தாழ 1,700 கிலோ, அதில் பாதிக்கு மேல் முன் சில்லுகளில். இதற்கு முந்திய மொடலுக்கு உங்கள் ஒஸ்ரின் ஏ40 காரைப் போலப் பின்னுக்கு ஒரே அச்சுத்தான். இதில் இரண்டு பின் சில்லும் தனித்தனியே அசையும்.

முதல் நாள் நாலாவது சுற்றில் பிரேக் மிதி பலகைவரை போய்விட்டது. நல்லவேளை, முன்னால் நீண்ட இடம் இருந்தது. நான் மாற்றாமல் விட்ட பழைய பிரேக் ஒயில் கொதித்துவிட்டது. புதிய டொட் 4 ஒயில் 230 பாகை செல்சியஸ்வரை தாங்கும்; ஈரம் ஏறினால் 155 இலேயே கொதிக்கலாம். மிதிக்கும்போது ஒயில் அமுங்காது, ஆவி அமுங்கும்; அதனால் பிரேக் பிடிக்காது. ஓரமாக நின்றபோது ஒரு போர்ஷ் கேமன் கார் சத்தமில்லாமல் கடந்து போனது. குதிரைவலு என்னுடையதைவிடக் குறைவு, ஆனால் 300 கிலோ இலேசு, எஞ்சின் நடுவில்.

நண்பர்கள் எஞ்சின் வலுவைக் கூட்ட சூப்பர்சார்ஜர் போடச் சொன்னார்கள். எனக்கு மண்ணெண்ணெயில் கார் ஓடிய அந்த 90கள்தான் நினைவு வந்தது. கொக்குவில் கராஜில் பிரேக் ஒயிலில் இருக்கும் காற்றை எடுக்க நீங்கள் சில்லடியில் குந்தியிருந்து "அமத்து… பிடி… விடு" என்பீர்கள், நான் மிதிப்பேன். எந்தக் கார் வந்தாலும் பிரேக் பார்க்காமல் எஞ்சினைத் தொடமாட்டீர்கள். எஞ்சினுக்கு ஒரு சதமும் செலவழிக்கவில்லை அப்பா. பிரேக் ஒயிலைத்தான் மாற்றினேன். இந்த முறை மிதித்தது உங்கள் பேத்தி.

ஒயிலோடு பிரேக் பேடும் மாற்றி, முன் பம்பரிலிருந்து டிஸ்குக்குக் காற்றுக் குழாய் இழுத்தேன். அப்புறம் ரயர். முன்னுக்கு 255, பின்னுக்கு 275 மில்லிமீற்றர் அகலம் இருந்தது. அதனால் வளைவில் மூக்கு வெளியே தள்ளும். இப்போது நாலுக்கும் 305. ஆனால் ஆகப் பெரிய வித்தியாசம் முன் சில்லுகளின் மேற்பகுதியை உள்பக்கம் 2.5 பாகை சரித்ததில்தான் வந்தது. முன்பு வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க ரயர் ஓரத்தில் மட்டும் நின்று தேய்ந்தது. இப்போது முழு முகமும் நிலத்தில் படுகிறது. ஸ்டியரிங் கையோடு பேசுகிறது என்று நீங்கள் சொல்வது அன்றுதான் விளங்கியது. பின் சில்லுகளைத் தாங்கும் சட்டம் ரப்பர் புஷ்ஷில் ஆடிக்கொண்டிருந்தது, அதையும் இறுக்கினேன்.

போன ஞாயிறு அதே மாதிரி ஒரு கேமனுக்குப் பின்னால் போனேன். இரண்டாம் வளைவில் அது இன்னும் இலகுவாகத் திரும்புகிறது, அதை மறைக்க முடியாது. ஆனால் மொஸ் என்ற வளைவு தாண்டி மேட்டில் ஏறும் நேர்ப்பாதையில் நான் பிடித்துவிட்டேன். ஆறு சுற்றும் மிதி கல்லுப்போல நின்றது.

முன் ரயரின் படம் அனுப்பியிருக்கிறேன். உள் ஓரம் கொஞ்சம் கூடத் தேய்ந்ததுபோல் தெரிகிறது. சரிவைக் குறைக்கவா, இப்படியே விடவா? நீங்கள் என்றால் கையால் தடவிப் பார்த்துச் சொல்வீர்கள். படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்