அந்த ஊதா டப்பாவையே வாங்கிக் குடு

அன்புள்ள சுமதி,

மெயில் எப்பவோ பாத்துட்டேன்டி, பதில் போடத்தான் நேரம் அமையல, திட்டாத. இங்க டென்மார்க்ல, ப்ராண்டேல இப்பதான் வெயில் எட்டிப் பாக்குது, ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம், பொண்ணைத் தூங்க வெக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது. ஆபீஸ்ல அதே காத்தாலை, அதே கியர்பாக்ஸ், அதே மீட்டிங். அம்மா வந்து இருந்துட்டுப் போனாங்க, நான் நாள் முழுக்க ஆபீஸ்ல கெடக்க அவங்க அபிராமி கோயில்ல யாழ்ப்பாணத்து அம்மாக்களோட செட் சேந்துட்டாங்க, ஊருக்குப் போயும் வாட்ஸ்அப்ல அவங்களோடதான் பேச்சு, எனக்கு மிஸ்டு கால் மட்டும்.

சரி, நீ கேட்ட விஷயம். கடையில உன் பையன் கட்டை கோத்து வெளையாடுற அந்த லெகோ ஃப்ரெண்ட்ஸ் செட், ஊதா டப்பா, நாய் பூனைக்கு வைத்தியம் பாக்குற ஆஸ்பத்திரி, அத கட்டிப்புடிச்சுட்டு நின்னான், கடைக்காரர் "தம்பி இது கேர்ள்ஸ் ராக்"னு சொன்னதும் உன் வீட்டுக்காரர் சண்டை போடுற நிஞ்சாகோ டப்பா ஒண்ண கையில திணிச்சு கூட்டிட்டு வந்துட்டார், அவன் வர்ற வழியெல்லாம் பேசவே இல்லன்னு எழுதியிருந்த. "நீ லெகோ ஊருக்குப் பக்கத்துலதான இருக்க, நீயே சொல்லு"ன்னு வேற. ஆமாடி, பில்லுண்ட் இங்கருந்து கார்ல அரை மணி நேரம்தான், அதனால எனக்கு இதுல கொஞ்சம் பைத்தியம் புடிச்சிருக்கு, கடிதம் நீளமா போகும், காபி போட்டுட்டு வந்து உக்காரு.

1932ல ஒரு தச்சர் ஆரம்பிச்ச கம்பெனி அது, ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன்னு பேரு, மர பொம்மைதான் மொதல்ல. இப்ப நம்ம பாக்குற மாதிரி ஒண்ணுல ஒண்ணு கவ்வுற பிளாஸ்டிக் கட்டைக்குப் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பிச்சது 1958. அதுல ஆண் என்ன பொண் என்ன, சிவப்பு கட்டை சிவப்பு கட்டைதான். 1974ல டப்பாக்குள்ள அப்பா அம்மாவுக்கு ஒரு துண்டுச் சீட்டு வெச்சாங்களாம், உருவாக்கணும்ங்கிற ஆசை எல்லா குழந்தைக்கும் ஒண்ணுதான், நெறைய பசங்களுக்கு பொம்மை வீடு புடிக்கும், நெறைய பொண்ணுங்களுக்கு ராக்கெட் புடிக்கும், அதுங்க இஷ்டத்துக்கு விடுங்கன்னு. பல வருஷம் கழிச்சு யாரோ அந்தச் சீட்டை இன்டர்நெட்ல போட, இது டூப்புன்னு ஒரு கூட்டம் சொல்லுச்சு, கம்பெனியே எங்களுதுதான்னு ஒத்துக்கிச்சு. 1981ல ஒரு விளம்பரம், செம்பட்டை முடியில ரெட்டை ஜடை, ஜீன்ஸ், கையில தானே கட்டுன ஏதோ ஒண்ணு, பொண்ணு சிரிக்குது, அவ்வளவுதான், பிங்க் கிடையாது ஒண்ணும் கிடையாது. எல்லாரும் இந்த ரெண்டையும் ஷேர் பண்ணி "அந்தக் காலம் பொற்காலம்"னு உருகுறாங்க. முழுசா அப்படியும் இல்ல. 1978ல அந்த சின்ன மஞ்ச மூஞ்சி ஆளுங்க வந்தப்ப மூஞ்சி என்னவோ எல்லாருக்கும் ஒண்ணுதான், ரெண்டு புள்ளி ஒரு சிரிப்பு, ஆனா போலீஸ் ஆம்பள, மொத பொம்பள யாருன்னு நெனக்கிற? நர்ஸ். நம்ம ஊர் சினிமா மாதிரியேதான்.

அப்புறம் பொண்ணுங்களுக்குன்னு தனியா செய்றேன்னு கெளம்பி அவங்க பட்ட பாடு இருக்கே. 1979ல ஸ்காலான்னு ஒண்ணு, வளையல் மோதிரம் மாதிரி நகை. 1994ல பெல்வில், பெரிய சைஸ் பொம்மை, இளவரசி குதிரை வகையறா. 2003ல க்ளிக்கிட்ஸ், திரும்ப நகை! கட்டுறதுதான் அந்த விளையாட்டோட உயிரே, பொண்ணுங்களுக்குன்னு வந்தா மொதல்ல அதத்தான் கொறைக்கிறாங்க. என்னோட ஆத்திரம் பிங்க் மேல இல்லடி, அந்தக் கொறைக்கிற புத்தி மேலதான். பிங்க் கலர்ல ஒரு கியர்பாக்ஸ் குடுத்தா நான் முத்தம் குடுத்து வாங்கிப்பேன்.

இன்னொரு பக்கம் 1999ல ஸ்டார் வார்ஸ், 2001ல பயோனிக்கிள், 2011ல நிஞ்சாகோன்னு சண்டைக் கதை செட்டா எறக்குனாங்க. நடுவுல 2003, 2004 வாக்குல கம்பெனி திவாலாகுற நெலமைக்குப் போய் மீண்டு வந்தது, எது விக்குதோ அதப் புடிச்சுத்தான் மேல ஏறுனாங்க, அதுல தப்பு சொல்ல முடியல. ஆனா விளைவு என்ன, 2011 சமயத்துல அமெரிக்காவுல லெகோ விளையாடுற குழந்தைங்கள்ல சுமார் 90 சதவீதம் ஆம்பளப் பசங்க.

அப்பதான் நாலு வருஷம் ஆராய்ச்சி பண்ணி 2012ல ஃப்ரெண்ட்ஸ் வருது, உன் பையன் கட்டிப்புடிச்ச அதே வரிசை. ஹார்ட்லேக் சிட்டின்னு ஒரு ஊரு, ஒலிவியா, மியா, ஆண்ட்ரியா, ஸ்டெஃபனி, எம்மான்னு அஞ்சு தோழிங்க. வந்தவுடனே ஒரே கலாட்டா, பியூட்டி பார்லர் எதுக்கு, கஃபே எதுக்குன்னு கேட்டு 50,000 பேருக்கு மேல கையெழுத்துப் போட்டாங்க. அதே நேரத்துல கடையில எதிர்பாத்ததவிட டபுள் மடங்கு வித்துச்சு! ரெண்டு கட்சியுமே பாதி சரின்னு தோணுது எனக்கு. பாத்தின்னா அந்த மொத வருஷ வரிசையிலேயே பியூட்டி பார்லரும் இருக்கு, ஒலிவியாவோட கண்டுபிடிப்புப் பட்டறையும் இருக்கு, மிருக ஆஸ்பத்திரியும் இருக்கு. கட்டை அதே கட்டை, போலீஸ் ஸ்டேஷன் செட்டோட சேத்தா அப்படியே பொருந்தும். இதுக்கு முன்னாடி கட்டையே கையில எடுக்காத பொண்ணுங்க வீட்டுக்குள்ள கட்டை போச்சு, அது சின்ன விஷயம் இல்ல.

ஆனா அந்த பொம்மைய ஒரு மெக்கானிக்கல்காரியா கையில எடுத்துப் பாத்தேன் பாரு, எரிச்சலா வந்துச்சு. பழைய மஞ்ச ஆளுக்கு ரெண்டு காலும் தனித்தனியா மடங்கும், மணிக்கட்டு சுத்தும், கையில ஸ்பானர் குடுத்தா வேணுங்கிற கோணத்துல திருப்பிக்கலாம். ஃப்ரெண்ட்ஸ் பொம்மைக்கு ரெண்டு காலும் ஒட்டி ஒண்ணாதான் மடங்கும், மணிக்கட்டு சுத்தவே சுத்தாது. பாக்க ஒல்லியா அழகா இருக்கா, நடக்கச் சொன்னா முடியாது. எந்த ஜாயின்ட்ட விடலாம், அதுக்குப் பதிலா எத வெக்கலாம்னு யாரோ உக்காந்து முடிவு பண்ணியிருக்காங்கல்ல? பெட்டி கலர்ல தெரியாத விஷயம் இந்த ஜாயின்ட்ல தெரிஞ்சுது எனக்கு.

நடுவுல நல்லதும் நடந்துச்சு. 2014 ஆரம்பத்துல ஏழு வயசு பொண்ணு ஒண்ணு கம்பெனிக்குக் கடிதம் எழுதுச்சு, உங்க பொண்ணு பொம்மைங்க வீட்ல உக்காருதுங்க, பீச்சுக்குப் போகுதுங்க, ஷாப்பிங் போகுதுங்க, வேலையே இல்ல, ஆம்பள பொம்மைங்க மட்டும் ஊர் சுத்துது, ஆள காப்பாத்துது, சுறாவோட நீந்துதுன்னு. அந்த வருஷமே எல்லென் கூய்மன்னு புவிவேதியியல் விஞ்ஞானி ஒருத்தங்க டிசைன் பண்ண செட் கடைக்கு வந்துச்சு, டைனோசர் எலும்பு ஆராய்றவ, டெலஸ்கோப் பாக்குறவ, கெமிஸ்ட், மூணும் பொம்பளைங்க. சில நாள்லயே காலி. மறுபடி போடுங்கடான்னு ஜனங்க கெஞ்சியும் லிமிடெட் எடிஷன்னு சொல்லி விட்டுட்டாங்க, வித்து தீர்ற பொருளை நிறுத்துற வியாபாரத்த நீ எங்கயாவது பாத்திருக்கியா? அடுத்த வருஷமே அவங்க பத்திரிகையில சின்னப் பொண்ணுங்களுக்கு எந்த மூஞ்சிக்கு எந்த ஹேர்கட்னு டிப்ஸ்! 2017ல வந்த நாசா பெண்கள் செட் என் டேபிள்ல இருக்கு, அப்பல்லோவுக்கு சாஃப்ட்வேர் எழுதுன மார்கரெட் ஹாமில்டன் தன் உயரத்துக்கு அடுக்குன கோட் புக் பக்கத்துல நிக்கிறாங்க. ஆபீஸ்ல யார் வந்தாலும் அததான் மொதல்ல எடுத்துப் பாக்குறாங்க.

இதெல்லாம் பொண்ணுங்க கதை. நான் உனக்குச் சொல்ல வந்தது பையன் கதை, அத யாரும் பெருசா பேசுறதே இல்ல. 2021ல லெகோ ஏழு நாட்டுல கிட்டத்தட்ட 7,000 அப்பா அம்மா குழந்தைங்கள வெச்சு ஒரு சர்வே எடுத்துச்சு. இன்னொரு பாலினத்துக்குன்னு நெனக்கிற பொம்மைய வெச்சு வெளையாண்டா கிண்டல் பண்ணுவாங்கன்னு பயப்படுற பொண்ணுங்க 42 சதவீதம். பசங்க 71 சதவீதம். அதே சர்வேல எஞ்சினியர்னா அப்பா அம்மாக்கள்ல 89 சதவீதம் பேருக்கு ஆம்பளதான் மனசுல வர்றானாம், அது நமக்கு ஆச்சரியமே இல்ல, கல்லூரி ஒர்க்‌ஷாப்ல லேத் முன்னாடி நம்ம நின்னப்பவே பாத்ததுதான். ஆனா யோசிச்சுப் பாரு, அன்னிக்கு நம்மள "பசங்களுக்கு சமமா வேல செய்றாங்க"ன்னு பாராட்டுனாங்க. அரத்தால இரும்ப ராவுற ஃபைலிங்க நம்மளவிட பொறுமையா பண்ண ஒரு பையனையாவது "பொண்ணுங்களுக்கு சமமா"ன்னு சொல்லிப் பாராட்டியிருப்பாங்களா, சண்டைக்கு வந்திருப்பான். பொண்ணு புல்டோசர் செட் கட்டுனா வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வெக்கிறோம். பையன் நாய்க்குட்டி பொம்மைக்குக் கட்டு போட்டா வீட்டு ஆம்பளைங்க மூஞ்சி மாறுது. அவ இந்தப் பக்கம் வந்தா ப்ரமோஷன், இவன் அந்தப் பக்கம் போனா அசிங்கம், அப்ப அந்தப் பக்கம் இருக்கறதெல்லாம் மட்டம்னு நாமளே பையனுக்குச் சொல்லிக் குடுக்குறோம். உன் பையன் பேசாம வந்தான்ல, அவனுக்கு அது புரிஞ்சு போச்சுடி.

கம்பெனி இப்ப திருந்திட்டேன்னு சொல்லுது, பையன் பொண்ணுன்னு லேபிள் போட்டு விக்கிறதில்லயாம், 2023ல ஃப்ரெண்ட்ஸ் ஆளுங்களையே மாத்தி ஸாக், ஆலி, லியோன்னு பசங்களையும் சேத்துட்டாங்க, பிறவியிலேயே ஒரு கை கொறையா இருக்குற ஆட்டம்ங்கிற பொண்ணும் இருக்கா. ஆனா பொம்மைக்கு மணிக்கட்டு இன்னும் சுத்தல! கடைக்காரர் ராக்கும் மாறல, அது அவங்க கையில இல்ல. பில்லுண்ட்ல லெகோ ஹவுஸ்னு 2017ல தொறந்த பெரிய கட்டடம், அங்க குழந்தைங்க டப்பாவே இல்லாத கட்டைக் குவியல்ல எறங்கிடுதுங்க. என் பொண்ணு அங்க போயும் குதிரை லாயம்தான் கட்டுனா, பக்கத்துல ஒரு டேனிஷ் பையன் ராக்கெட். கட்டட்டுமே, அது அதுங்க ஆசை. லாயத்துக்குக் கூரை நிக்காம மூணு தரம் விழுந்து, அவளே அடியில அகலக் கட்டை வெச்சு நிறுத்துனா, எனக்கு அது போதும்.

அதனால அந்த ஊதா டப்பாவையே வாங்கிக் குடு. வீட்டுக்காரர்கிட்ட லெக்சர் அடிக்காத, மனுஷன் இன்னும் முறுக்கிக்குவார், பையனோட உக்காந்து கட்டச் சொல்லு, அந்த சின்ன எக்ஸ்ரே மெஷினுக்கு ஸ்டிக்கர் நேரா ஒட்டுறதுக்குள்ள அவருக்கே போட்டி வந்துடும். நிஞ்சாகோவ ஒளிச்சு வெக்காத, ரெண்டையும் ஒரே டப்பாவுல கொட்டு, நிஞ்சாவுக்கு அடிபட்டா நாய் டாக்டர்கிட்ட போகட்டும்.

இல்ல, வாங்காத, நில்லு. அங்க விக்கிற விலைக்கு நானே இங்கருந்து குடுத்து விடுறேன். ஆபீஸ்ல ஒருத்தர் அடுத்த மாசம் சென்னை வர்றார், அங்கருந்து கோவைக்கு கூரியர் போடச் சொல்றேன். அட்ரஸ் மாறிடுச்சுன்னியே, பின்கோடோட அனுப்பு, அப்படியே அவனுக்கு நாய் ஆஸ்பத்திரியா குதிரை ஆஸ்பத்திரியான்னு கேட்டுச் சொல்லு, ரெண்டுமே இருக்கு.

அன்போட,
மாலா