போர்ச் ஸ்லாப தூக்குனதுக்கு அப்பறம் மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வருது, கழிவுநீர் சேம்பர்ல உங்க ஃபோம் நிக்குது: எழுத்துல பதில் வேணும்

மேனேஜர் சாருக்கு வணக்கம். இறங்கிப்போன எங்க கார் போர்ச் ஸ்லாபுக்கு அடியில, பொங்கி இறுகற ஃபோம அடிச்சு உங்க கம்பெனி தூக்குன வேலைய பத்தின புகார் இது.

உங்க ஆளு வந்து பாத்தது, விலை பேசுனது, கோட்டேஷன விளக்குனது எல்லாமே தமிழ்ல தான் நடந்துச்சு, அதனால புகாரையும் தமிழ்லயே எழுதறேன். போன்ல எத்தனை வாட்டி சொன்னாலும் "டெக்னிக்கல் டீம் கிட்ட கேட்டுட்டு சொல்றோம் மேடம்"ங்கற ஒரே பதில் தான் வருது. அதான் நடந்தத முழுசா எழுதி அனுப்பறேன்.

எங்களோடது சிங்கப்பூர் கேலாங் பக்கத்துல பழைய டெரஸ் வீடு (வரிசையா ஒட்டிக் கட்டுன வீடு). வீடு பைல் (ஆழமா எறக்குன தூண்) மேல நிக்குது, கார் போர்ச் ஸ்லாப் வெறும் மண்ணு மேல கெடக்குது. இந்தப் பக்கமெல்லாம் கீழ கடல் களிமண்ணு தான், வருஷக்கணக்குல அது அமுங்கிக்கிட்டே இருக்கும், வீடு அப்படியே நிக்கும் போர்ச் மட்டும் இறங்கும், இது எங்க தெருவுல பல வீட்டுல பாத்தது தான். எங்களுக்கு கேட்டுப் பக்கத்து ஸ்லாப், அதாவது கழிவுநீர் சேம்பர் (பைப்ப தொறந்து பாக்கற மூடி போட்ட குழி) இருக்கற ஸ்லாப், 40 மில்லிமீட்டர் இறங்கிப்போய் அதுவும் கதவுப் பக்கத்து ஸ்லாபும் சேர்ற எடத்துல ஒரு விளிம்பு தூக்கிக்கிட்டு நின்னுச்சு. மாமியார் வாக்கர் புடிச்சு நடக்கறவங்க, வாக்கர் கால் அந்த விளிம்புல மாட்டி விழப் பாத்தாங்க, அதுக்கப்பறம் தான் உங்களக் கூப்பிட்டோம்.

சிமெண்டு கலவைய பம்ப் பண்ணி தூக்கற பழைய முறைய விட ஃபோம் நல்லதுன்னு உங்க சேல்ஸ் ஆளு சொன்னாரு. சிமெண்டு கலவை கனம், ஏற்கனவே அமுங்கற களிமண்ணு மேல இன்னும் வெயிட்ட ஏத்துனா மறுபடியும் இறங்கும், ஃபோம் லேசு, 16 மில்லிமீட்டர் துளை போதும், கொஞ்ச நேரத்துல இறுகிடும், அன்னைக்கே நடக்கலாம்னாரு. இதுல எதையும் நான் மறுக்கல, அந்த முறை மேலயும் எனக்கு குறை கெடையாது. உங்க ஆளுங்க அத செஞ்ச விதத்துல தான் என் புகார்.

முதல் விஷயம், வேலைக்கு முன்னாடியே நான் சொன்னது. ஸ்லாப் ஏன் அந்த ஒரு பக்கம் மட்டும் அவ்வளவு இறங்குச்சுன்னு யாராவது கேட்டாங்களா? சேம்பர் ஓரத்துல மழை இல்லாத நாள்ல கூட ஈரமாவே இருக்கு, வாடையும் அடிக்குது, கீழ பைப் ஏதாவது ஒழுகுதான்னு ஒரு தடவை பாத்துடுங்கன்னு உங்க சேல்ஸ் ஆளுக்கு வாட்சப்ல ஃபோட்டோவோட அனுப்பிருக்கேன், ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சு, "நோட்டட் மேடம்"னு பதிலும் வந்துச்சு. அந்த மெசேஜ் இன்னும் என்கிட்ட இருக்கு. பைப் ஒழுகுனா தண்ணி மண்ண அரிச்சுக்கிட்டு போகும், ஸ்லாபுக்கு அடியில வெற்றிடம் உண்டாகும், அது இறங்கும். இந்தத் தொழில்ல இருக்கறவங்களுக்கு இது நான் சொல்லியா தெரியணும்? காரணத்த பாக்காம மேல இருக்கற ஸ்லாப மட்டும் தூக்கி வச்சா அது எத்தனை நாளைக்கு நிக்கும்?

வேலை நடந்த அன்னைக்கு நான் வீட்ல தான் இருந்தேன். சேம்பருக்குப் பக்கத்துல துளை போட்ட தம்பி ட்ரில்ல வெளிய எடுத்தப்ப பிட் முழுக்க கருப்பா ஈரச்சேறு ஒட்டிக்கிட்டு வந்துச்சு. மத்த துளையிலெல்லாம் காஞ்ச சிமெண்டு தூள் தான் வந்துச்சு. அந்தப் பையனே அத கையில புடிச்சுக்கிட்டு "சார், இங்க தண்ணி இருக்கு"ன்னு சூப்பர்வைசர் கிட்ட காட்டுனாப்ல. அவரு போன காதுல இருந்து எடுக்காமயே "மழத்தண்ணி தான், அடி"ன்னுட்டாரு. அந்த வாரம் பூரா எங்க பக்கம் மழையே இல்ல. அதுக்கப்பறம் அந்தத் துளையில ஃபோம் அடிக்கறாங்க, அடிக்கறாங்க, ஸ்லாப் அசையவே இல்ல. ஏத்துற சரக்கு எங்கயோ போகுதுன்னா அங்கயே நிறுத்தி பாக்க வேணாமா? நிறுத்தல. திடீர்னு ஒரு சத்தத்தோட ஸ்லாப் எழும்புச்சு, தேவைக்கு மேலயே எழும்பிருச்சு. லேசர் லெவல் ஸ்டாண்டுல நின்னுச்சு, அந்த நேரத்துல அத பாக்க ஆள் இல்ல, சூப்பர்வைசர் கேட்டுக்கு வெளிய நின்னு அடுத்த சைட்டுக்கு பேசிக்கிட்டு இருந்தாரு.

ஒண்ணு சொல்லிடறேன், அந்தத் தம்பிங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. வெயில்ல நின்னு சொன்ன வேலைய சுத்தமா செஞ்சாங்க, கெளம்பறப்ப போர்ச்ச கூட்டி கழுவிக் கொடுத்துட்டு தான் போனாங்க. அந்தப் பையன் சேத்த காட்டுனதே சரியான வேலை. இந்தக் கடிதத்த வச்சு அவன் பேருக்கோ சம்பளத்துக்கோ ஏதாவது பண்ணீங்கன்னா அத நான் சும்மா விடமாட்டேன்.

இப்ப நெலமைய சொல்றேன். கார் போர்ச்சுக்கு வாட்டம் வேணும், வீட்டுப் பக்கம் உசரம், லோங்காங் (மழைத்தண்ணி போற கால்வாய்) இருக்கற கேட்டுப் பக்கம் தாழ்வு. எங்க போர்ச் வாசப்படியில இருந்து கேட்டு வரைக்கும் 5 மீட்டர், நூத்துக்கு ஒண்ணுன்னு வச்சாலே கேட்டுப் பக்கம் 50 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கணும். பக்கத்து வீட்டு அங்கிள் கட்டடத்துறையில க்ளார்க் ஆஃப் வொர்க்ஸா (வேலை சரியா நடக்குதான்னு சைட்டுல பாக்கறவரு) இருந்து ரிட்டையர் ஆனவரு, அவரும் என் வீட்டுக்காரரும் தண்ணி டியூப் புடிச்சு அளந்து பாத்தாங்க, கேட்டுப் பக்கம் வாசப்படிய விட 15 மில்லிமீட்டர் உசந்து நிக்குது. ரெண்டு ஸ்லாபும் சேர்ற எடத்துலயும் சேத்து அடிச்சு தூக்கிட்டதால தண்ணி போக வேற வழியே இல்ல, பெய்யற மழை அத்தனையும் வீட்டப் பாத்து ஓடி வருது. செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில தேங்கி, ஸ்லைடிங் கதவோட ட்ராக்குல ஏறி, ஹாலுக்குள்ள வந்துடுது. மாப்ப கதவுகிட்டயே வச்சிருக்கோம். வாசல்ல கோலம் போடற எடம் எப்பவும் பாசி புடிச்சு வழுக்குது, வாக்கர் புடிச்சு நடக்கறவங்கள வீட்ல வச்சுக்கிட்டு எப்படி இருக்க முடியும் சொல்லுங்க. விளிம்புல தடுக்கி விழக்கூடாதுன்னு தான் உங்களுக்கு காசு கொடுத்தோம், இப்ப வழுக்கி விழுந்துடுவாங்களோன்னு பயந்துக்கிட்டு அவங்கள தனியா வெளிய விடறதே இல்ல. தேங்கற தண்ணியில கொசுப்புழு கெடந்தா என்இஏகாரங்க (தேசிய சுற்றுப்புற வாரியம்) ஃபைன் எங்களுக்கு தான் போடுவாங்க.

கேட்டு உள்பக்கமா தொறக்கற கேட்டு. அடிப்பக்கம் இப்ப ஸ்லாபுல தேச்சுக்கிட்டே வருது, சிமெண்டுல வெள்ளையா ஒரு அரைவட்டம் விழுந்திருக்கு, கீல் பக்கம் வெல்டிங்கும் விட ஆரம்பிச்சிருச்சு. ஃபோட்டோ இணைச்சிருக்கேன்.

இதெல்லாத்தையும் விட பெரிய விஷயம் பைப். உங்க வேலை முடிஞ்ச கொஞ்ச நாள்லயே கீழ் பாத்ரூம்ல தண்ணி எறங்கல, ஃப்ளஷ் பண்ணா மேல ஏறி வருது. பியூபி (தண்ணி, கழிவுநீர பாத்துக்கற அரசாங்க அமைப்பு) லைசென்ஸ் உள்ள ப்ளம்பர கூப்பிட்டோம். அவரு சேம்பர் மூடிய தூக்குனதும் பைப் வாய்ல மஞ்சளா, பொங்கி இறுகுன பொருள் ஒண்ணு நீட்டிக்கிட்டு நின்னுச்சு, கொஞ்சம் உடைச்சு என் கையில கொடுத்தாரு, துளைய சுத்தி வழிஞ்சு உங்க ஆளுங்க சொரண்டிப் போட்ட அதே ஃபோம் தான். கேமரா விட்டு பாத்ததுல பழைய களிமண் பைப்போட ஜாயிண்ட் விட்டிருக்கு, அந்த ஓட்டை வழியா ஃபோம் உள்ள பூந்து பாதி பைப்ப அடைச்சிருக்கு. நான் ஃபோட்டோ அனுப்புன அதே எடம். கேமரா வீடியோவும் ப்ளம்பர் ரிப்போர்ட்டும் உங்க கிட்ட இருக்கு. அதுக்கு மட்டும் 350 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவு.

எங்க வீட்டு எல்லைக்குள்ள இருக்கற கழிவுநீர் பைப் எங்க பொறுப்பு தான், ஜாயிண்ட் பழசாகி விட்டதுக்கு உங்கள நான் கேக்கல. அது வழியா ஃபோம அடிச்சு அடைச்சது உங்க வேலை, அத தான் கேக்கறேன்.

இன்னொன்னு, இத எழுதறப்பவே எனக்கு மனசு ஆறல. கோட்டேஷன் 4,800 வெள்ளி, ஜிஎஸ்டியோட 5,232. அது போக "கூடுதல் மெட்டீரியல்"னு 860 வெள்ளி பில் போட்டீங்க, வேலை முடிஞ்ச கையோட பேநவ்ல (போன்லயே பணம் அனுப்பறது) கட்டிட்டோம். ஸ்லாப் அசையாம சரக்கு மட்டும் போய்க்கிட்டே இருந்துச்சே, அந்தக் கூடுதல் மெட்டீரியல்ல ஒரு பங்கு இப்ப எங்க பைப்புக்குள்ள இருக்கு. எங்க பைப்ப அடைச்ச ஃபோமுக்கும் சேத்து எங்க கிட்டயே காசு வாங்கிருக்கீங்க.

போன்ல உங்க ஆபீஸ்ல சொன்னது "மண் அசைவு வாரண்டில வராது". மண்ணு அசைஞ்சு ஸ்லாப் கேட்டுப் பக்கம் மேல ஏறாது சார். எங்க பக்கத்து கடல் களிமண்ணு கீழ தான் இறங்கும். கேட்டுப் பக்கம் உசந்து நிக்குதுன்னா அது உங்க ஃபோம் தூக்குனது, வேற காரணமே கெடையாது. பைப்புக்குள்ள இருக்கறதும் மண்ணு இல்ல.

எங்களுக்கு வேண்டியது இது தான். ஃபோம் இறுகிட்டா திரும்ப இறக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும், அதனால மேல பூசி மெழுகற வேலையோட வராதீங்க. பைப்ப மாத்தணும்னா கேட்டுப் பக்கத்து ஸ்லாப உடைச்சே ஆகணும், அப்படியே அத புதுசா ஊத்தி லோங்காங் பக்கம் சரியான வாட்டம் கொடுங்க. கதவுப் பக்கத்து ஸ்லாப மறுபடி தூக்கி சரி பண்றீங்களா இல்ல அதையும் உடைச்சு ஊத்துறீங்களா, அது உங்க முடிவு, ஆனா நான் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி என் கண்ணு முன்னாடி ஹோஸ் பைப்ப வாசப்படியில வச்சு தண்ணி விட்டு காட்டணும், எங்கயும் தேங்கக்கூடாது. பைப் வேலைய லைசென்ஸ் உள்ள ப்ளம்பர் தான் செய்யணும், விட்டுப்போன பழைய ஜாயிண்டுக்கு ஆகற செலவு நான் தரேன், ஃபோம் எடுக்கற செலவும் உடைச்சு ஊத்தற செலவும் உங்களோடது. அந்த 860 வெள்ளியும் கேமராவுக்கு ஆன 350 வெள்ளியும் திரும்ப வரணும். கேட்டு கீலையும் சரி பண்ணிக் கொடுங்க.

வர்ற மாசம் 15ஆம் தேதிக்குள்ள எழுத்துல பதிலும் வேலை ஆரம்பிக்கற தேதியும் வரணும். வடகிழக்கு பருவமழை வந்துட்டா போர்ச்ச உடைச்சு ஊத்தறது உங்களுக்கும் கஷ்டம், எங்க ஹாலுக்குள்ள தண்ணி வர்றதும் நிக்காது. அந்த தேதி தாண்டுனா கேஸ் (CASE) பயனீட்டாளர் சங்கத்துல புகார் கொடுத்துட்டு சிறு உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு போவேன். 20,000 வெள்ளி வரைக்கும் அங்க கேக்கலாம், வக்கீல் வைக்கத் தேவையில்ல, 2 வருஷத்துக்குள்ள போனா போதும். வாட்சப் மெசேஜ், பில், அளவு, கேமரா வீடியோ எல்லாம் தேதி வாரியா எடுத்து வச்சிருக்கேன்.

நேர்ல வந்து பாக்கறதுனா சேல்ஸ் ஆள அனுப்பாதீங்க, முடிவு எடுக்கக்கூடியவங்க வாங்க. சாயங்காலம் 6 மணிக்கு மேல வீட்ல இருப்போம். பகல்ல வர்றதா இருந்தா முதல் நாளே சொல்லுங்க, மாமியார் தனியா இருப்பாங்க, கேட்ட தொறக்க அவங்களால முடியாது.

இப்படிக்கு,
கேலாங் டெரஸ் வீட்டு வாடிக்கையாளர்